நான் விட்டுவிட்டுப் படித்த பத்தி

அந்த நாவலில் ஒரு கொலைகூட இல்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களில் ரத்தம் வருவது ஒரே இடத்தில்தான், அதுவும் வெங்காயம் நறுக்கும்போது விரலில் பட்ட வெட்டு. ஆனாலும் எங்கள் படிப்பகத்தில் கூடும் ஒன்பது பேரில் நான்கு பேர் தூக்கம் கெட்டது என்றார்கள். இரண்டு பேர் இதெல்லாம் ஒரு கதையா என்று கேட்டார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தார். மிச்சம் இருவர் நானும் என் மனைவியும். எங்கள் இரண்டு பேரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது.

படிப்பகம் என்றால் பெரிய கட்டடம் இல்லை. திருவொற்றியூரில் கடல் பக்கம் இறங்கும் தெருவில் ஒரு சிமெண்ட் ஷீட் அறை. காலையில் பேப்பர் பார்க்க வருவார்கள். பகலில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் ஃபேனுக்குக் கீழே இடம் பிடித்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு புத்தகத்தை ஒருவர் சத்தமாகப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். எல்லோருக்கும் புத்தகம் வாங்க முடியாது என்பது ஒரு காரணம். சிலருக்குக் கண் சரியில்லை, சிலருக்குப் படிப்பில்லை. கேட்கிறவருக்கு ஏதாவது சொல்லத் தோன்றினால் பெஞ்சைத் தட்ட வேண்டும். அவர் சொல்லி முடிக்கிற வரை படிப்பு நிற்கும்.

இன்னொரு விதியும் உண்டு. படிப்பவர் ஒரு வார்த்தையும் கூட்டக் கூடாது, ஒரு வார்த்தையும் விடக் கூடாது. இது பேப்பர் படித்த காலத்தில் வந்தது. வேலைநிறுத்த நாட்களில் தன் சங்கத்துக்கு ஆகாத செய்தியை விழுங்கிவிட்டுப் படித்தவர்களால் கைகலப்பே நடந்திருக்கிறது. அதனால், உள்ளதை உள்ளபடி. அறையின் பழைய ஆட்கள் அதைச் சத்தியம் மாதிரி வைத்திருக்கிறார்கள்.

படிக்கிற வேலை எனக்கு வந்ததற்குக் காரணம் என் குரல். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளையும் பெட்டிகளையும் எண்ணிச் சொல்வதுதான் என் உத்தியோகமாக இருந்தது. கிரேன் சத்தத்தையும் மீறிக் கேட்கும்படி பேசிப் பழகியவன். ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்குக் கப்பல் இல்லை. வீடு இருந்தது.

நாவலில் வருகிற கணவனும் எண்ணுகிறவன்தான். மனைவியை அவன் ஒருநாளும் அடிப்பதில்லை, குரலையும் உயர்த்துவதில்லை. வேலை முடிந்து வந்ததும் சமையலறையில் நின்று கேட்பான்: "நேத்து பத்து ஸ்பூன் இருந்தது. இன்னிக்கு ஒன்பது. எங்க வெச்சே, யோசிச்சுப் பாரு." பத்தாவது ஸ்பூனை ஒளித்து வைத்ததே அவன்தான் என்று வாசகனுக்குத் தெரிய அறுபது பக்கம் ஆகிறது. அதற்குள் அந்தப் பெண் தனக்கு மறதி நோய் என்று நம்பத் தொடங்கிவிடுகிறாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே பெஞ்ச் பலமுறை தட்டப்பட்டது. என்னோடு துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய நண்பர்தான் முதலில் தட்டினார். "இன்னா தோஸ்து கதை இது? கத்தி இல்ல, துப்பாக்கி இல்ல. வூட்டு சாமான எண்றதெல்லாம் ஒரு சஸ்பென்ஸா?"

காசிமேட்டிலிருந்து மீன் வாங்கி வந்து எங்கள் தெருவில் விற்கிற அம்மாள் அவர் முடிப்பதற்குள் தட்டினாள். "உனக்கு இன்னா தெரியும்? இவன் நாலு அடி அடிச்சிட்டாக்கூட தேவலாம். கத்திகினு வெளிய வந்துடலாம்."

பேங்க் பரீட்சைக்குப் படிக்கிற பெண், தன் புத்தகத்தை மூடாமலே சொன்னாள்: "தாத்தா, இவன்தான் ஒளிச்சு வைக்கிறான். எனக்கு மூணாவது பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சு."

படித்துக்கொண்டிருந்த நானே பெஞ்சைத் தட்டினேன். "வீட்டில் ஒரு பொருள் குறைந்தால் கேட்பது தப்பா? கேட்கிறவன் எல்லாம் கெட்டவனா? பொறுப்பான மனுஷன் அப்படித்தான் இருப்பான்" என்றேன். அந்தக் கணவனுக்காக நான் வாதாடிய நேரம் பத்து நிமிஷத்துக்குக் குறையாது. கிரேன் நண்பர் கடைசியில், "வுடு தோஸ்து. ஆனா அந்தாளு பேசறப்ப மட்டும் உன் கொரலு கரீக்டா குந்துது" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடமும் சொன்னேன். அவள் சங்கரா மீனைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். "அப்படியா" என்றாள்.

மூன்றாவது ஞாயிறு மீன்காரம்மா அவளையும் இழுத்துக்கொண்டு வந்தாள். இத்தனை வருஷத்தில் என் மனைவி படிப்பகத்துக்குள் வந்தது அன்றுதான். கடைசி பெஞ்சில் சுவரோரமாக உட்கார்ந்தாள். நான் கொஞ்சம் கூடுதலாகவே நிமிர்ந்து உட்கார்ந்து படித்தேன்.

சமையல் கேஸ் தீர்ந்துபோகிற காட்சி. கணவன் காலி சிலிண்டரைத் தட்டிப் பார்க்கிறான். "'இது எந்தத் தேதியில் மாட்டினது?' என்று கேட்டான்" என்று படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன். அந்த இடைவெளியில் கடைசி பெஞ்சிலிருந்து என் மனைவியின் குரல், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல வந்தது: "போன தடவ இன்னும் ஆறு நாள் வந்துதே."

அடுத்த பக்கத்தின் முதல் வரியும் அந்தக் கணவன் பேசுவதுதான்: "போன தடவை இன்னும் நாலு நாள் வந்ததே."

எண்ணிக்கை மட்டும்தான் வேறு. அறையே சிரித்தது. மீன்காரம்மா திரும்பி, "யக்கா, நீ முன்னாடியே படிச்சிட்டியா?" என்று கேட்டாள்.

"இல்லமா. எங்கியோ கேட்ட மாதிரி இருந்திச்சி."

சிரிப்பு இன்னும் பெரிதானது. நானும் சிரித்தேன். காது இரண்டும் சுட்டன. மிச்சப் பக்கங்களை எப்படிப் படித்தேன் என்று தெரியவில்லை. கணவன் பேசுகிற இடம் வந்தபோதெல்லாம் குரலை மாற்றிப் பார்த்தேன். நாடகக்காரன் மாதிரி கட்டைக் குரலில் பேசினேன். "இன்னாபா, தொண்டை கட்டிகிச்சா?" என்று நண்பர் கேட்டார்.

அன்றிலிருந்து புத்தகத்தை வீட்டில் முன்கூட்டியே படித்துப் பார்க்க ஆரம்பித்தேன். வேறு என்னென்ன காத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இருநூற்று நாற்பதாம் பக்கத்தில் ஒரு பத்தி. எட்டே வரி. கணவன் அதில் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை, ஒன்றையும் ஒளிப்பதில்லை. மாடிப்படியில் ஏறி வருகிறான், அவ்வளவுதான். அவனுடைய செருப்புச் சத்தத்தை அவள் உள்ளேயிருந்து கேட்கிறாள்.

இரண்டு முறை படித்தேன். முந்தின நாள் ரேஷன் கடையிலிருந்து திரும்பியபோது எங்கள் வீட்டு வாசலில் மனைவியும் மீன்காரம்மாவும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். தெருமுனையிலேயே எனக்குக் கேட்டது. நான் கிட்டே வந்தபோது சிரிப்பு இல்லை. மீன்காரம்மா கூடையைத் தூக்கிக்கொண்டிருந்தாள், மனைவி வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். பெருக்குவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அந்தப் பத்தியை விட்டுவிட்டேன். இருமல் வந்தது போல ஒரு முறை இருமி, எட்டு வரிகளைத் தாண்டி அடுத்த பத்தியில் இறங்கினேன். கதை அறுபடவில்லை. ஒருவரும் பெஞ்சைத் தட்டவில்லை. கப்பல் கணக்கில் ஒரு பெட்டியைக்கூட விட்டதில்லை என்று இந்த அறையில் எத்தனையோ முறை பெருமை அடித்துக்கொண்டவன் நான்.

மறுநாள் காலையில் மனைவி காபியை என் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டாள். "அந்த செருப்புச் சத்தம் வர்ற எடத்த ஏன் வுட்டுட்டீங்க?"

நான் வெளியே போகிற நேரங்களில் அவளும் அந்தப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

"பக்கம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு" என்றேன்.

"ஒட்டிக்கினு இல்லியே. நான் படிச்சேனே."

அவள் சமையலறைக்குப் போகத் திரும்பியவள் நின்று சொன்னாள்: "பயப்படாதீங்க. நான் யார்கிட்டயும் சொல்லல."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாள். அந்த வாரம் முழுக்க வாசலுக்கு வரும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தேன். இரண்டாம் நாளே அது இன்னும் மோசம் என்று தெரிந்தது. சத்தமில்லாமல் நான் வந்து நின்றதைத் திரும்பிப் பார்த்து அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையில் இருந்த கிண்ணம் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை மேஜைமேல் வைத்து, நின்றபடியே சொன்னேன். "போன வாரம் எட்டு வரியை விட்டுட்டேன். தெரிஞ்சேதான் விட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. கிரேன் நண்பர்தான் முதலில் பேசினார். "அத்த எப்டி வுடலாம்? நம்ம ரூல்ஸ் இன்னா? பேப்பர்ல செஞ்சவனையே வெளிய தள்ளினோம். உனக்கு ஒரு நாயம், அவனுக்கு ஒரு நாயமா?" அவர் குரலில் கோபத்தைவிட ஏமாற்றம் அதிகமாக இருந்தது. பரீட்சைப் பெண், "நான் படிக்கட்டுமா?" என்று எழுந்தாள்.

"குடும்மா, நான் படிக்கிறேன்" என்றாள் கடைசி பெஞ்சிலிருந்து என் மனைவி.

ஏழாவது வரை படித்தவள். நாலு பேர் முன்னால் அவள் சத்தமாகப் படித்து நான் கேட்டதில்லை. நான் எழுந்து அவளுக்கு நாற்காலியை விட்டுவிட்டு, அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் இருநூற்று நாற்பதாம் பக்கத்தைத் தேடவில்லை, நேராகப் பிரித்தாள். ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்து, நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

"கீழே செருப்புச் சத்தம் கேட்டது. எத்தனாவது படியில் இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். பாட்டை நிறுத்தினாள். அடுப்பைப் பார்த்தாள். டப்பாக்களின் மூடியைப் பார்த்தாள். சொல்ல வேண்டிய பதில்களை வரிசையாக ஒருமுறை நினைத்துக்கொண்டாள். அப்புறம் முகத்தைச் சரிசெய்துகொண்டாள். அவன் கெட்டவன் என்று அவளுக்கு அப்போது தோன்றியிருக்கவில்லை. அவன் வராமல் இருக்கிற நேரம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் தோன்றியது."

மீன்காரம்மா தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி துடைப்பவர் மறுபடி துடைத்தார். இதுவரை கதையே இல்லை என்று சொன்ன கிரேன் நண்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இறுக்கத்தைக் குறைக்கத்தான் என்று நினைக்கிறேன், கேலியாகக் கேட்டார்: "இன்னா தங்கச்சி, நம்ம ஆளும் வூட்ல இப்டித்தானா? ஸ்பூன எண்ணுவாரா?"

என்னுடையதையும் சேர்த்து எட்டு முகங்களும் அவளைப் பார்த்தன. அவள் என்ன சொன்னாலும் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். மறுத்துப் பேசவும் எனக்கு இடமில்லை.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "எண்ணுவாரு" என்றாள். "ஆனா ஒளிச்சி வெக்க மாட்டாரு."

அறை இளகிச் சிரித்தது. நண்பர் என் தொடையில் தட்டினார். எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. என் பக்கம் பேசத் தேடிப் பார்த்து, அவளுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

மீன்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. பெஞ்சைத் தட்டாமலே கேட்டாள்: "செரிக்கா. அந்த செருப்பு?"

என் மனைவி நிமிரவில்லை. புத்தகத்தில் விரலை அடுத்த வரிக்கு நகர்த்தி, படிக்க ஆரம்பித்தாள்.