பத்தாவது சீட்டில் கல்லையா

இடுப்பு பிடித்துக்கொண்டுவிட்டது. நான்கு நாட்களாகச் சுவரைப் பிடித்துத்தான் எழுந்திருக்கிறேன். "என்ன பண்ணினீங்க?" என்று டாக்டர் கேட்டார். "படகில் உல்லாசப் பயணம் போனேன், டாக்டர்" என்றேன். சிரித்துவிட்டுத் தைலம் எழுதிக் கொடுத்தார்.

உல்லாசமாம்!

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு நோட்டீஸ். என் மூத்த மாப்பிள்ளை வெளிநாட்டுக் கப்பலில் வேலை பார்ப்பவர். லீவில் வந்தபோது ஏதோ ஒரு துறைமுகத்தில் கிடைத்த வழவழப்பான நோட்டீஸைக் கொண்டுவந்தார். மலைநாட்டுக் கால்வாய்கள், ஏரிகள், கடைசியில் கடற்கரை... சின்னக் கப்பலில் ஆறு நாள் பயணம். தண்ணீரில் மலை தலைகீழாகத் தெரிகிறது. மேல்தளத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி கம்பளியைப் போர்த்திக்கொண்டு காபி குடிக்கிறார்கள்.

என் வீட்டுக்காரி அந்தப் படத்தை இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் கேட்டாள்: "ஏங்க, நம்ம ஊருல தண்ணி இல்லியா? கால்வா இல்லியா?"

யாங்கூனில் உட்கார்ந்துகொண்டு தண்ணீர் இல்லை என்று சொல்ல முடியுமா? போட்டாதாங் ஜெட்டித் துறையில் படகு ஏறினால் துவாந்தே கால்வாய். அதைத் தாண்டினால் ஏரி போல அகன்ற ஆறு. அப்புறம் கடல். மலைதான் கிடையாது. அதற்கென்ன, அரிசி மில்களின் உமிக் குவியலைப் பார்த்துக்கொண்டால் போயிற்று. மூன்று நாள் பயணம் என்று முடிவாயிற்று.

ஏற்பாடெல்லாம் யார் தலையில்? ரிட்டயர் ஆனவன் தலையில்தான். படகு பேச வேண்டும், அடுப்புக்கரி வாங்க வேண்டும், போகிறவர்களின் பெயர்ப் பட்டியலை ஜெட்டி ஆபீஸில் கொடுக்க வேண்டும். பட்டியலில் பத்துப் பேர். நான், வீட்டுக்காரி, இரண்டு மகள்கள், இரண்டு மாப்பிள்ளைகள், மூன்று பேரப்பிள்ளைகள் — ஒன்பது. பத்தாவது, என் தம்பி சோமு.

சோமு போட்டாதாங் ஜெட்டியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன். மூட்டை ஏற்றுவதையும் இறக்குவதையும் பார்த்துக்கொண்டு நிற்கும் வேலை. மனைவி இல்லை. ஒரே மகள் கல்யாணமாகி ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினில் இருக்கிறாள். ஜெட்டிக்குப் பின்தெருவில் தனியாக இருக்கிறான். "படகை அனுப்பி வைக்கிறதே பொழப்பாப் போச்சு அண்ணே. ஒரு தடவையாச்சும் நாமளும் ஏறிப் போகணும்" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான்.

எங்களுக்குள் இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை.

மகள் கல்யாணத்துக்குக் கார்டை யாரோ ஒரு பையனிடம் கொடுத்தனுப்பினான். கூடப் பிறந்த அண்ணன் நான். நேரில் வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டாமா? நான் போகவில்லை. மாப்பிள்ளை பர்மியப் பையன், அதனால்தான் பெரியப்பா வரவில்லை என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். சத்தியமாக அது இல்லை. வெற்றிலைத் தட்டுதான் காரணம்!

இந்தப் பயணத்தை வைத்து எங்களைச் சேர்த்துவிடலாம் என்று வீட்டுக்காரி கணக்குப் போட்டாள். "நீங்களே நேர்ல போய்க் கூப்புடுங்க" என்றாள். சரி என்றேன். ஆனால் அந்த வாரம் முழுக்க அலைச்சல். ஒரு சாயங்காலம் அவன் தெருமுனை வரைக்கும் போனேன். கால் கெஞ்சியது. கால் மட்டும்தானா? மனசும் வரவில்லை. முனையில் இருந்த டீக்கடை முதலாளி காக்காவிடம், "சோமு வந்தா சொல்லிடுங்க. சனிக்கிழமை காலையில ஆறு மணி, ஜெட்டி" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். வீட்டில் "சொல்லியாச்சு" என்றேன். பொய் இல்லையே?

சனிக்கிழமை ஆறு மணி ஆயிற்று. ஆறரையும் ஆயிற்று. சோமு வரவில்லை.

படகுக்காரர் ஊ தெய்ன் எங்களை விரல் விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். எஞ்சினை நிறுத்திவிட்டார். ஒன்பது பேராகப் பயணம் போகக் கூடாது — இந்த ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். அவரையும் அவர் ஆளையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். ஓட்டுகிறவன் பயணி இல்லை என்று சொல்லிவிட்டார்.

இதற்குப் பரிகாரமும் ஊரறிந்ததுதான். ஒரு கல்லைப் பத்தாவது ஆளாகக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஊ தெய்ன் கரையில் இறங்கினார். சரக்குக் கிட்டங்கிச் சுவரோரம் கிடந்த, தேங்காய் அளவுக் கல் ஒன்றின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தன் பையிலிருந்து ஒரு வெற்றிலை மடிப்பை எடுத்து அதன் முன் வைத்தார். கைகூப்பினார். "ஐயா, எங்களோடு வாருங்கள்" என்று பர்மியில் அழைத்தார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை. அப்புறம் மூன்றாவது முறை. அதன் பிறகுதான் கல்லை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார்.

வீட்டுக்காரி என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சோமுவ நீங்க எத்தன தடவ கூப்புட்டீங்க?"

"காக்காகிட்ட..." என்று ஆரம்பித்தேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. "பத்து நிமிஷ நடைதான. இப்பவாச்சும் போய்க் கூட்டியாங்க."

"தண்ணி வத்துறதுக்குள்ள கால்வாயத் தாண்டணும்னு சொல்றாரே" என்றேன். ஊ தெய்ன் சொன்னது உண்மைதான். நான் அதைச் சொன்னதுதான் பொய்.

துவாந்தே கால்வாய் முடியும்வரை அவள் என்னோடு பேசவில்லை.

கல்லுக்கு ராஜ மரியாதை! சோமுவுக்கென்று போட்டிருந்த சீட்டில் தலையணை வைத்து உட்கார வைத்தார்கள். பேரப்பிள்ளைகள் 'கல்லையா' என்று பெயர் சூட்டினார்கள். காலையில் மீன்குழம்பு ஊற்றிய மோகிங்கா நூடுல்ஸ் பரிமாறினால் கல்லையாவுக்கும் ஒரு கிண்ணம். வெயில் திரும்பினால் மாப்பிள்ளை எழுந்து போய்க் குடையைத் திருப்பி வைத்தார். என் சின்ன மகள், "கல்லையா, சௌகரியமா இருக்கீங்களா?" என்று விசாரித்தாள். தனியாக இருக்கும் சித்தப்பாவை இந்த இரண்டு வருஷத்தில் எங்களில் ஒருவராவது அப்படிக் கேட்டோமா? அவர்களை ஏன் சொல்ல வேண்டும்... நான் போகாத வீட்டுக்கு அவர்கள் எப்படிப் போவார்கள்?

எனக்குச் சீட்டு கல்லையாவுக்குப் பக்கத்தில். மூன்று நாளும் மரப்பலகை, எஞ்சின் சத்தம், டீசல் நாற்றம். கரையெல்லாம் பார்க்கப் பார்க்கப் பச்சை. அழகுதான். ஆனால் பக்கத்தில் ஒரு கல்லை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் அழகைப் பார்ப்பது? இரண்டாம் நாள் மத்தியானம் ஆறு விரிந்து விரிந்து கடலாயிற்று. பிள்ளைகள் கத்தினார்கள். நான் என்னையறியாமல், "பாரு சோமு" என்றேன். சொல்லிவிட்டு யாராவது கேட்டார்களா என்று திரும்பிப் பார்த்தேன். வீட்டுக்காரி கேட்டுவிட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் போட்டாதாங் வந்து சேர்ந்தோம். கல்லை எடுத்த இடத்திலேயே வைத்து நன்றி சொல்ல வேண்டுமாம். நானே தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பின்தெருவுக்கு நடந்தேன். வழியில் ஒரு தட்டும் வெற்றிலையும் பாக்கும் வாங்கிக்கொண்டேன்.

சோமு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"கல்லுக்குப் பயணம் சௌகரியமா இருந்துச்சா அண்ணே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கெப்படித் தெரியும்?"

"நான் அங்கதான நின்னேன். அஞ்சரைக்கே வந்துட்டேன். கிட்டங்கி மூலையில நின்னேன்."

"ஏண்டா, அப்ப வந்து ஏற வேண்டியதுதான?"

"காக்கா சொன்னாரு. நீங்க சொல்லலியே? நான் கார்டு குடுத்தனுப்புனதுக்குத்தான நீங்க கல்யாணத்துக்கு வரல? அந்தப் படகுக்காரரு கல்ல மூணு தடவ கூப்புட்டாரு. எனக்கு இருபதடிதான் இருக்கும். அடுத்து நீங்க இறங்கி என்னயத் தேடி வருவீங்கன்னு நெனச்சேன். எஞ்சின் சத்தம்தான் கேட்டுச்சு."

அவன் வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தட்டை அவன் பக்கம் நகர்த்தினேன்.

"வீட்டுக்கு வா சோமு."

தெருவைப் பார்த்தான்.

"வா, சோமு."

தட்டைப் பார்த்தான்.

"வாடா..."

எழுந்து உள்ளே போனான். கையில் ஒரு பையோடு வந்தான். மூன்று நாள் துணி, பிள்ளைகளுக்கு வாங்கிய பிஸ்கட் டின்கள் இரண்டு, தண்ணீர் பாட்டில்... சனிக்கிழமை கட்டிய பை, அப்படியே இருந்தது. அந்தக் கனத்த பையை அவன் கையிலிருந்து பிடுங்கி என் தோளில் மாட்டிக்கொண்டேன். வீடு வரைக்கும் அவனிடம் கொடுக்கவில்லை.

டாக்டரிடம் ஒரு விஷயத்தை மறைத்துவிட்டேன் — இடுப்பு பிடித்துக்கொண்டது படகில் அல்ல.