நீல டிரம் சோறு

ஒரகடம் பக்கத்து எருமைகள் புல் வாசனைக்குத் தலை நிமிர்த்துவதில்லை. சோற்று வண்டியின் ஹாரனுக்கு நிமிர்த்துகின்றன. வந்த புதிதில் இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். கம்பெனி கேன்டீன்களிலும் எங்களைப் போன்றவர்கள் தங்கும் ஹாஸ்டல்களிலும் மிஞ்சியதை நீல டிரம்களில் ஏற்றிக்கொண்டு அந்த வண்டி காலையில் கிராமங்களுக்குள் வரும். சோறு, சாம்பார், நமுத்த அப்பளம், சில நேரம் ஒரு பிளாஸ்டிக் ஸ்பூன். எங்கள் சிவகங்கைப் பக்கம் மாடு தீனியைத் தேடிப் போகும். இங்கே தீனி மாட்டைத் தேடி வருகிறது.

என் அப்பா கிடைமாடு மேய்த்தவர். ஊரார் மாடுகளைச் சேர்த்து ஓட்டிப்போய், அறுவடை முடிந்த வயல்களில் சாணத்துக்காக அடைத்து, அங்கிருந்து அடுத்த ஊருக்கு நடப்பார். அவர் கைநாட்டு, அம்மாவும் கைநாட்டு. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் முடித்தவளும் முதலில் பட்டம் வாங்கியவளும் நான். கால்நடை வளர்ப்புப் பயிற்சி தரும் ஒரு சிறிய அமைப்பில் வேலை கிடைத்துக் கிளம்பியபோது, "படிச்சும் மாட்டுக்குப் பின்னாலதானா?" என்று ஊரில் கேலி பேசினார்கள். பின்னால் இல்லை, முன்னால் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அந்தப் பதிலில் எனக்கு இன்றும் பெருமைதான். ஆனால் என்ன வேலை என்று அப்பாவிடம் முழுதாகச் சொன்னதில்லை. கிழட்டு மாட்டைக் கறி வியாபாரி ஓட்டிப்போகும்போது அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். நானோ கறிக்கென்றே எருமைக் கடாக்களை நன்றாக வளர்ப்பது எப்படி என்று இங்கே பாடம் நடத்துகிறேன். கடாக்கன்றுதானே என்று தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், குடற்புழு மருந்து கொடுங்கள், வைக்கோலை முதலில் போடுங்கள், சோறு கொஞ்சம்தான்.

சேரப்பணஞ்சேரிக்கு அருகே நான் போகும் ஒரு கிராமத்தில் எஸ்தர் அக்கா இரண்டு கடாக்கள் வளர்த்தாள். கணவர் தேவராஜ் அண்ணன் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி. மகள் மெர்சி அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள். தண்டலத்தில் முதலாம் ஆண்டு. அடுத்த ஆண்டுப் படிப்பு அந்தக் கடாக்களை நம்பித்தான் இருந்தது. நான் நடத்திய முதல் வகுப்பிலேயே அக்கா என்னை மடக்கினாள்.

"சோறு போடாதன்றியே டீச்சர், நீ இன்னா துன்ற?"

"சோறுதான்க்கா."

"அப்ப என் கெடா மட்டும் வைக்கோல் துன்னணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாட்டின் வயிறு புல்லுக்கானது, சோறு அதிகம் போனால் உள்ளே புளித்து அமிலமாகி உயிரையே எடுக்கும் என்று விளக்கினேன். "மேய்க்க எடம் எங்க கீது? அத்த சொல்லு மொதல்ல" என்றாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் கம்பெனி மதில். ஆனாலும் அவள் நான் சொன்னதைக் கேட்டாள். வைக்கோல் வாங்கினாள், சோற்றைக் குறைத்து, தவிட்டோடு பிசைந்து வைத்தாள். கடாக்களின் தோல் மினுங்க ஆரம்பித்தது. நான் போகும்போதெல்லாம் ஒன்றின் முதுகில் தட்டி, "உன் ஸ்டூடண்ட் பாரு" என்பாள்.

ஆயுத பூஜை வந்தது. கம்பெனிகளில் விருந்து. வெள்ளைச் சோறும் சர்க்கரைப் பொங்கலும் மலையாக மிஞ்சின. அடுத்து விடுமுறை, வண்டி வராது என்று டிரைவர் கூடுதல் டிரம்களை இறக்கிவிட்டுப் போனார். வைத்திருந்தால் ஊசிப்போகும். கொட்ட மனமில்லாமல் அக்கா அத்தனையையும் அன்றைக்கே கடாக்களுக்கு வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை மெர்சி போன் செய்தாள். நான் போனபோது ஒரு கடா செத்துக் கிடந்தது. இன்னொன்று படுத்திருந்தது. வயிற்றின் இடது பக்கம் உப்பி, அசை போடாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. வாயில் புளித்த வாடை. சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றினோம். விடுமுறை நாள், டாக்டர் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். அவருக்கு முன்னால், சேதி கேட்டு வாலாஜாபாத் கறி வியாபாரி வந்துவிட்டார்.

"உசுரு கீறப்பவே குட்த்துடும்மா. அறுத்துக்கறேன். செத்துட்டா மண்ணுக்குத்தான்."

நோயில் விழுந்த மாட்டைக் கறிக்கு விற்கக் கூடாது. அதுவும் என் பாடம்தான். அக்கா என்னைப் பார்த்தாள்.

"சொல்லு டீச்சர். இன்னா பண்ணட்டும்?"

"குடுக்காதீங்கக்கா. சனங்க திங்கிறது."

"டாக்டரம்மாவா? ஊசி எங்க?" என்று சிரித்தார் வியாபாரி. தேவராஜ் அண்ணன் சிரிக்கவில்லை. யூனிபார்மைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தார். "மாசம் பொறந்தா உனக்கு சம்பளம் வந்துடும். ஊரு வுட்டு ஊரு வந்து எங்களுக்குப் புத்தி சொல்றியா?"

"நீ கம்முனு இரு" என்று கணவரை அடக்கிவிட்டு, அக்கா வியாபாரியிடம் திரும்பினாள். "நாங்களும் கறி துன்றவங்கதான். நீ போப்பா."

டாக்டர் வந்து ஊசி போட்டார். தாமதமாகிவிட்டது என்றார். வெயில் சாய்வதற்குள் கடா போய்விட்டது. அடுத்த மனையில் மதிலுக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்த ஜேசிபிதான் இரண்டுக்கும் குழி தோண்டியது. மண் மூடும்போது அக்கா என்னைத் திட்டவில்லை. "சோத்த எப்டி டீச்சர் கீழ கொட்றது?" என்று மட்டும் கேட்டாள்.

நான் சொன்னது சரி. இன்றும் அதையேதான் சொல்வேன். ஆனால் அந்தச் சரிக்கு விலை கொடுத்தது நான் இல்லை. மெர்சி இப்போது கல்லூரிக்குப் போவதில்லை. சாம்பல் நிற யூனிபார்மில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறாள். என்னைக் கண்டால் கையசைப்பாள், வாங்க டீச்சர் என்பாள். அப்பாவுக்கும் எனக்கும் நடுவே ஒரு பள்ளிக்கூடம் நிற்பதாக நினைத்து வந்தவள் நான். இப்போது அது மெர்சிக்கும் எனக்கும் நடுவேயும் நிற்கிறது. மெர்சியைத் தாண்டிப் போகும்போது தலை குனியாமல் நடக்க முயல்கிறேன். எல்லா நாளும் முடிவதில்லை.

ஹாஸ்டலில் காலையிலும் சோறு உண்டு, ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்காக. சாப்பிடும் நேரத்தில்தான் அப்பா போன் செய்வார். "சோறு தின்னியா தாயி? மிச்சம் வைக்காம தின்னு." சரிப்பா என்பேன். கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் நீல டிரம் திறந்தபடி இருக்கும். வயிறு நிறைந்துவிட்டது, தட்டில் இன்னும் ஒரு பிடி இருக்கிறது. கொட்டினால் அப்பாவின் ஊரில் பாவம். டிரம்மில் போட்டால் எஸ்தர் அக்காவின் ஊருக்குப் போய்விடும். வெளியே வண்டி ஹாரன் அடிக்கிறது. தலை நிமிர்த்துகிறேன். பிறகு குனிந்து, அந்த ஒரு பிடியையும் வாயில் போட்டு, மெதுவாக மெல்லுகிறேன்.