ரிக் வண்டியின் மேல் விழுந்த சாம்பல்

வெண்ணந்தூரில் என் மாமா வீட்டுத் துவைகல்லின் ஓரத்தில், தேன்கூட்டைப் போலத் துளைகள் நிறைந்த கரிய கல் ஒன்று கிடக்கிறது. அத்தை அதில்தான் குதிகாலைத் தேய்க்கிறார். அதைக் காணும்போதெல்லாம் ஒரு கேள்வி எனக்குள் எழும்: ஆபத்து கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே, தன்னை நம்பி ஒப்படைக்கப்பட்ட பிறர் உடைமையைக் கைவிட்டுக் கிளம்பும் உரிமை ஒரு வேலையாளுக்கு உண்டா?

மாமா ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியின் மேலாளர். திருச்செங்கோட்டு முதலாளி ஒருவர் அவரையும் சில ஆட்களையும் வண்டியோடு ஆப்பிரிக்காவின் நடுவே, ஓர் எரிமலையின் அடிவாரத்து ஊருக்கு அனுப்பியிருந்தார். அங்கே நிலத்தின் ஓடு இரு புறமும் இழுபட்டு மெல்லப் பிளந்துகொண்டிருக்கிறது. அடியில் உருகிய பாறைக்குழம்பு, சுற்றியுள்ள பாறையைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் பிளவுகளின் வழியே மேலேறுகிறது. மேலே வர வர, அதில் கரைந்திருந்த வாயுக்கள் மூடி திறந்த சோடாவைப் போல நுரைத்து அதை வெளியே தள்ளுகின்றன. புவியியல் பட்டதாரியான நான் இதைத் தேர்வில் எழுதியிருக்கிறேன். மாமா அதன் அருகே சமைத்துச் சாப்பிட்டு உறங்கியிருக்கிறார்.

நம் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் ரிக் ஓடினால், பாறைத்தூள் பறந்து அக்கம்பக்கத்து இலையெல்லாம் வெளுத்துவிடும். ஆகவே ஒரு காலையில் வண்டியின் மேல் சாம்பல் நிறத் தூள் படிந்திருக்கக் கண்டபோது, மாமாவுக்கு முதலில் வந்தது அச்சமன்று, எரிச்சல்.

"பக்கத்துல எவனோ போர் ஓட்டறானாட்ட இருக்குது" என்றாராம்.

"நமக்கு முன்னாடி இங்க எவனுங்ணா வந்தான், நம்மூருல போட்டிக்கு வண்டி வெச்சிருக்கற நாமகிரிப்பேட்டைக்காரனா?" என்று ஓட்டுநர் கேலி செய்திருக்கிறார்.

போட்டி வண்டியைத் தேடித் தெருமுனைக்குப் போன மாமா கண்டது, பாயும் பானையுமாக எதிர்ப்புற மேட்டை நோக்கி நடந்துகொண்டிருந்த ஊராரைத்தான். கிணறு வேண்டுமென்று கேட்டிருந்த வீட்டுக்காரப் பெண்மணி, வண்டி நின்ற பள்ளத்தைச் சுட்டி, மூக்கைப் பொத்தி, கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் காட்டினார். மூக்கை ஏன் பொத்தினார் என்பது மாமாவுக்கு விளங்கவில்லை. கிளம்பச் சொல்கிறார் என்பது மட்டும் விளங்கியது.

வண்டியைக் கிளப்பினால், காற்று வடிகட்டி முழுதும் சாம்பல் அடைத்து இயந்திரம் இருமி நின்றது. தொலைபேசியில் முதலாளி, குழம்புதான் இன்னும் கண்ணில் படவில்லையே, கழற்றித் துடைத்து எப்படியாவது வண்டியோடு வந்து சேருங்கள் என்றார். அவரை எதிர்த்து ஒரு சொல் பேசியறியாத மாமா அன்று சொன்னார்: "வண்டிக்குக் காலு இல்லீங்க. எங்களுக்கு இருக்குதுங்க. நாங்க நடக்கறோமுங்க."

எரிகுழம்பு மலையின் மறுபக்கம் இறங்கிச் சாலையையும் வீடுகளையும் விழுங்கியது. ரிக் நின்ற பக்கம் வரவேயில்லை. செய்தி தெரிந்ததும், பயந்தாங்கொள்ளிகளை நம்பி வண்டியை அனுப்பிவிட்டேன் என்று முதலாளி ஏசினார். தவறு செய்துவிட்டோமோ என்ற ஐயம் மாமாவுக்கே இருந்தது.

மலை அடங்கி அவர்கள் ஊர் திரும்பியபோது வண்டி அப்படியே நின்றது. அதன் நிழலில் ஒதுங்கிய ஆடுகள், உடலில் ஒரு தீக்காயம்கூட இல்லாமல் செத்துக் கிடந்தன. காற்றைவிடக் கனத்த கரியமில வாயு நிலத்தடியிலிருந்து கசிந்து பள்ளத்தில் தேங்கியிருந்திருக்கிறது.

"நம்மூரு பாழுங்கெணத்துல காத்து கெட்டுக் கெடக்குமில்ல சாமி, அதேதான்" என்று என்னிடம் சொன்னார். வடிகட்டியைத் துடைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தால் அவர்களும் அந்த ஆடுகளோடுதான் கிடந்திருப்பார்கள். ஆடுகளின் படத்தைப் பெற்ற முதலாளி அழைத்து, "எல்லாரும் சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாராம்.

மாமா இப்போது எருமப்பட்டிப் பக்கம் ரிக் ஓட்டுகிறார். "வெடிச்ச மலையோட கல்லு, வெடிச்ச காலுக்காச்சும் ஆகுது" என்று அத்தை சிரித்தபடி தேய்க்கும், மாமா அங்கிருந்து கொண்டுவந்த அந்தக் கல்லின் துளைகள், குழம்பு இறுகும்போது வாயு விட்டுச் சென்ற தடங்கள். முதலாளி இன்றும் வெளிநாட்டுக்கு வண்டி அனுப்புகிறார். ஆபத்து என்றால் தன்னைக் கேட்காமலே வண்டியை விட்டுக் கிளம்பிவிடலாம் என்று ஆட்களிடம் முன்னதாகவே சொல்லி அனுப்புகிறார்.