பூராடமும் ஏழு பொருத்தமும்

தொண்ணூறுகளின் கடைசியில், அம்பத்தூரில் நாங்கள் குடியிருந்த வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது இது. அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என் படிப்பு அத்தோடு முடிந்திருக்கும்.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் பயோ இன்ஃபர்மேடிக்ஸ் முதல் வருடம். புதிதாக ஆரம்பித்த படிப்பு, வீட்டில் ஒருத்தர் வாயிலும் பெயர் நுழையவில்லை. "டாக்டரும் இல்ல, கம்ப்யூட்டரும் இல்ல. நடுவுல இன்னா படிப்பு அது?" என்று அப்பாவின் அண்ணன், பூந்தமல்லிப் பெரியப்பா, வரும்போதெல்லாம் கேட்பார். எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. நான் தாவரவியல் படித்துவிட்டு வந்தவள். வந்ததும் வராததுமாக நிகழ்தகவும் புள்ளியியலும் தலையில் வந்து உட்கார்ந்தன. கணக்கு படித்துவிட்டு வந்த பையன்கள், "இலை வரையுற கேஸுக்கெல்லாம் இது எதுக்கு?" என்று கிண்டல் செய்தார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைக்காவிட்டாலும் புத்தகத்தை விரித்துவிடுவேன். பாதி புரியாது. புரியாததைத் திட்டிக்கொண்டே படிப்பேன்.

அந்தப் பாடத்தில் எனக்கு முதலில் பிடித்துப்போனது ஒரு சின்ன விஷயம். இரண்டு உயிர்களின் மரபணு எழுத்துகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து ஒப்பிடுவோம். நிறைய எழுத்துகள் பொருந்தினால், இரண்டுக்கும் உறவு இருக்கிறது என்று குதிக்கத் தோன்றும். எங்கள் மேடம் குதிக்க விட மாட்டார். ஒன்றின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு மறுபடியும் ஒப்பிடச் சொல்வார். கலைத்துப் போட்டதும் அதே அளவு பொருந்தினால், முதலில் கிடைத்த பொருத்தம் வெறும் தற்செயலாகவே இருக்கலாம். அதை நம்பி ஒன்றும் சொல்லக் கூடாது.

பரீட்சை நெருங்கும் சமயத்தில் பெரியப்பா ஒரு வரன் கொண்டுவந்தார். பையனுக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை. அவர்கள் வீட்டில் ஒரே நிபந்தனை, நிச்சயம் ஆனதும் பெண் படிப்பை நிறுத்திவிட வேண்டும். நிச்சயத்துக்கு அவர்கள் பார்த்த முகூர்த்தமோ என் பரீட்சைக்கு முன்னால் வந்தது.

நான் பிறந்தது பூராடம். பூராடத்துப் பெண் என்றால், கழுத்தில் தாலி தங்காது என்று பல வீடுகளில் ஜாதகத்தைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். அம்மாவுக்கு அது நான் பிறந்த நாளிலிருந்தே கவலை. இந்த வீட்டார் நட்சத்திரம் தெரிந்தும் சரி என்றிருந்தார்கள். போதாக்குறைக்கு, குமணன்சாவடி ஜோசியர் பத்துக்கு ஏழு பொருத்தம் இருக்கிறது, பூராடத்துக்கு இப்படி அமைவதே அபூர்வம், ஆண்டவன் போட்ட முடிச்சு என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் வீட்டில் என் பேச்சு எடுபடுமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்தது சம்மதம் வாங்கிக்கொண்டு போகத்தான்.

"இன்னாம்மா, அவங்க ஊட்ல பதிலுக்குக் காத்துகினு கீறாங்க. ஏழு பொருத்தம். சும்மாவா?" என்றார்.

"ஏழுன்னா பெருசா சின்னதா, எப்படிப் பெரியப்பா தெரியும்?"

"ஜோசியர் சொன்னாரே."

"சரி, நாமளும் பார்க்கலாம்" என்று எழுந்தேன். எனக்கே நான் என்ன செய்யப்போகிறேன் என்று அந்த நொடியில்தான் தெரிந்தது.

எங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்தின் பின்பக்கத்தில் பொருத்த அட்டவணை உண்டு. பெண் நட்சத்திரத்துக்கு நேராக ஒவ்வொரு ஆண் நட்சத்திரத்துக்கும் எத்தனை பொருத்தம் என்று போட்டிருக்கும். இருபத்தேழு நட்சத்திரத்தையும் துண்டுக் காகிதத்தில் எழுதி, சுருட்டி, எவர்சில்வர் சொம்பில் போட்டேன். சாமி படத்துக்கு முன்னால் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் மடித்துப் போட்டு உத்தரவு கேட்பது எங்கள் வீட்டில் வழக்கம். அதனால் யாரும் தடுக்கவில்லை. அம்மா விபூதி வேறு இட்டுக்கொண்டாள்.

அப்பாவை எடுக்கச் சொன்னேன். எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுக் குலுக்கிவிட்டுத்தான் அடுத்ததை எடுக்க வேண்டும் என்றேன். முதல் சீட்டுக்கு அட்டவணையில் நாலுதான் இருந்தது. "பாத்தியா?" என்றாள் அம்மா. அடுத்தது ஏழு. அதற்கடுத்தது எட்டு. பிறகு ஒரு ஐந்து, மறுபடியும் ஒரு ஏழு. அப்பாவின் கை மெதுவாகிக்கொண்டே வந்தது. கடைசியாக எடுத்த சீட்டைப் பிரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"முகம் தெரியாதவனை எல்லாம் கண்ணை மூடிகினு எடுத்தாலே ஏழு வருது. இதுல இன்னா அபூர்வம் பெரியப்பா?" என்று கேட்டேன்.

பெரியப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "சாமி விஷயத்துல சீட்டாடறியா? நட்சத்திரம் மட்டும் போதுமா? கட்டம் பாக்க வாணாவா?"

"கட்டத்தைப் பத்தி நீங்க பேசவே இல்ல. ஏழு பொருத்தம், இதை விட்டா வேற வராதுன்னுதான் அம்மாவைப் பயமுறுத்தினீங்க. எனக்கு இந்தக் கல்யாணம் வாணாம். நான் பரீட்சை எழுதப் போறேன்."

பஞ்சாங்கத்தை மூடி வைத்தேன்.

அப்போதுதான் அம்மா கேட்டாள். "அட்டவணையில வருவாங்கடி. பூராடம்னு தெரிஞ்சா அவங்கள்ல எவன் நம்ம வாசப்படி மிதிப்பான்?"

அதற்கு என்னிடம் கணக்கு இல்லை. சொம்பில் இருந்த அத்தனை சீட்டையும் கொட்டினாலும் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. அம்மா சொன்னது நிஜம்தான், அந்த நிஜத்தின் மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது.

"மிதிக்காட்டி போவட்டும்மா. ஊருக்கு என் நட்சத்திரத்தைப் பாத்து பயம்னா ஊரு பயந்துகினு இருக்கட்டும். நான் பயப்பட மாட்டேன்."

அம்மா அழுதாள். அப்பா கையிலிருந்த சீட்டைச் சொம்பில் போட்டார். "அண்ணே, ஜோசியத்த நான் நம்பறேன். நாளைக்கும் நம்புவேன். ஆனா நட்சத்திரத்துக்குப் பயந்துகினு பொண்ணத் தள்ளி உட்டேன்னு இருக்கக் கூடாது. அவ எழுதட்டும்" என்றார்.

பெரியப்பா காபியைத் தொடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வெகு நாள் எங்கள் வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. பரீட்சை முடியும்வரை அம்மா என்னோடு பேசவில்லை. ஆனால் காலையில் டிபன் பாக்ஸ் மட்டும் தவறாமல் தயாராக இருந்தது. கணக்குப் பையன்களை நான் முந்தவெல்லாம் இல்லை. நல்ல மார்க்கில் தேறினேன், படிப்பையும் முடித்தேன், அந்தப் படிப்பிலேயே வேலைக்கும் போனேன்.

அந்த ஆவடிப் பையனுக்கு அடுத்து வந்த தையிலேயே வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. பெண் பார்த்துக் கொடுத்ததும் பெரியப்பாதான். அங்கேயும் ஏழு பொருத்தமாம், அதுவும் ஆண்டவன் போட்ட முடிச்சுதானாம். கேள்விப்பட்டதும் அப்பா என்னைப் பார்த்தார். அம்மா இருக்கிறாளே என்று இருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டோம்.

அம்மாவின் பயம் பொய்யில்லை, அவளாக உண்டாக்கியதும் இல்லை. ஊர் அவள் மடியில் கட்டிவிட்டது. அடுத்தவர் பயத்துக்கு மரியாதை கொடுக்கலாம், தலையைக் கொடுக்க வேண்டியதில்லை என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. இன்றுவரை கொடுக்கவும் இல்லை.