ரோஜா அறையில் வைத்த பெட்டி

எங்கள் அத்தா வேலை பார்த்தது ஓசூரை ஒட்டிய ஒரு ரோஜாப் பண்ணையில். பறித்து வந்த பூக்களைக் கட்டுக்கட்டாகக் குளிரறையில் அடுக்குவதும், சாயங்காலம் பெங்களூர் விமான நிலையத்துக்குப் போகும் வண்டியில் ஏற்றுவதும் அவருடைய வேலை. கோடையிலும் ஸ்வெட்டரை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிற ஒரே ஆள் எங்கள் தெருவில் அவர்தான். எங்கள் லைன் வீடுகளில் மின்சாரம் போனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. குளிரறைக்கு மட்டும் உடனே ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிவிடும். அந்த ரோஜாக்கள் நம் பிள்ளைகளைவிடச் செல்லமாக வளர்கின்றன என்று அம்மா சொல்வதுண்டு. அதை நான் பெருமை என்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அப்போது ஏழு வயது. தம்பிக்கு நான்கு. காலாண்டுப் பரீட்சை விடுமுறைக்கு வேப்பனப்பள்ளியில் இருந்த பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். பெரியப்பா மாந்தோப்பு குத்தகைக்கு எடுக்கிறவர். காய் இல்லாத காலம் அது. மழை பெய்து தோப்பு முழுக்க என் இடுப்பளவுக்குப் புல் வளர்ந்து கிடந்தது. நானும் தம்பியும் பெரியம்மா மகளும் நாள் முழுக்க அதில் ஒளிந்து விளையாடினோம். தம்பி உட்கார்ந்துவிட்டால் அவன் இருக்கும் இடமே தெரியாது. சிரிப்புச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்போம்.

ஊருக்குத் திரும்பிய பிறகு அவனுக்குக் காய்ச்சல் வந்தது. ஊசி போட்டால் இறங்கியது, மறுபடி ஏறியது. ஒரு நாள் அம்மாவின் மடியில் இருந்தபடியே அவனுக்கு வலிப்பு வந்தது. அத்தா அவனை வாரி எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அதே சமயம் பெரியம்மா மகளுக்கும், அந்த ஊரில் இன்னும் சில பிள்ளைகளுக்கும் அதே காய்ச்சல் என்று செய்தி வந்தது. என்ன காய்ச்சல் என்று டாக்டர்களுக்குப் பிடிபடவில்லை. ரத்தத்தைப் பெங்களூரில் உள்ள பெரிய பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினால்தான் தெரியும் என்றார்கள்.

ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்த அக்கா ஒருவர் வேப்பனப்பள்ளிக்கே போய், வீடு வீடாக நுழைந்து பிள்ளைகளிடம் ரத்தம் எடுத்து வந்தார். தம்பியிடம் எடுத்ததும் அதோடு சேர்ந்தது. ஒவ்வொரு குழாயையும் பஞ்சில் சுற்றி, ஐஸ் பைகள் வைத்த நீலப் பெட்டிக்குள் அவர் நிற்கவைத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பஞ்சு எதற்கு என்று கேட்டேன். வெயில் பட்டாலும் கெட்டுப்போகும், ஐஸில் ஒட்டி உறைந்தாலும் கெட்டுப்போகும், குளிர்ந்த மாதிரியே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று அவர் பெரியவர்களிடம் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார்.

பெட்டி அன்றைக்குப் போய்ச் சேரவில்லை. ஆற்றுத் தண்ணீர்த் தகராறில் பெங்களூர்ப் பக்கம் பந்த். ஜூஜுவாடியில் மாநில எல்லையை அடைத்துவிட்டார்கள். போன வண்டி லாரிகளுக்கு நடுவில் வெகுநேரம் நின்றுவிட்டு அப்படியே திரும்பி வந்தது. ஆஸ்பத்திரியிலோ மின்சாரம் விட்டு விட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஜெனரேட்டர் வார்டுகளுக்கே போதவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்த லேப் அக்காவின் முகம் மாறியதைக் கண்டு அத்தா எழுந்து போனார். எங்கள் கோல்டு ரூமில் வைக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அங்கே எவ்வளவு குளிர் இருக்கும் என்று அக்கா விசாரித்தார். அத்தா சொன்னதும் பெட்டியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்.

என்னை விட்டுவிட்டுப் போக ஆளில்லாததால் நானும் கூடவே போனேன். குளிரறைக்குள் நான் கால் வைத்தது அன்றுதான். தரை முதல் கூரை வரை ரோஜாக்கள், ஒன்றுகூட வாய் திறக்காத மொட்டுகள். சூப்பர்வைசர் வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

“பூ பக்கத்துல ரத்தமா? வெளிநாட்டுக்குப் போற சரக்குய்யா. நாளைக்கு யாரு பதில் சொல்றது?”

“மூடுன பெட்டிங்க சார். கீழ்த்தட்டுல ஒரு மூலைல வச்சிக்கிறேன்,” என்றார் அத்தா. பிறகு குரல் இறங்கி, “எம்மவன் உசுரு இதுலதாங்க இருக்குது,” என்றார்.

சூப்பர்வைசர் வாசலை விட்டு விலகினார். அப்புறம் தானே குனிந்து பூக்கள் வைத்த இரண்டு வாளிகளை நகர்த்தி இடம் செய்தார். அத்தா சொன்னதை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ, நான் அதைச் சொன்னபடியே நிஜமாக எடுத்துக்கொண்டேன். தம்பியின் உயிர் அந்த நீலப் பெட்டிக்குள் இருக்கிறது. அது குளிராக இருக்கிறவரை அவனுக்கு ஒன்றும் ஆகாது.

மறுநாள் காலையில் தம்பியை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். குளிப்பாட்டி, வெள்ளைத் துணியில் சுற்றி, கூடத்தில் கிடத்தினார்கள். அவன் அல்லாவிடம் போய்விட்டான் என்று ஒரு பெண் என் காதில் சொன்னார். மதியத் தொழுகைக்குப் பிறகு ஆண்கள் அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் போகக் கூடாது என்பதால் எங்கே போனார்கள், என்ன செய்தார்கள் என்று நான் பார்க்கவில்லை.

அத்தா திரும்பி வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. லேப் அக்கா வேப்பனப்பள்ளியில் இருந்து பேசினார். அங்கே இன்னும் இரண்டு பிள்ளைகள் படுத்துவிட்டார்கள். பெங்களூரிலிருந்து பரிசோதனைக் கூடத்து ஜீப் எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளி வரை வந்து நிற்கிறது, ஆனால் பெட்டியை எடுக்க வர வேண்டிய ஆஸ்பத்திரி வண்டி லாரி வரிசையில் மாட்டிக்கொண்டது. குளிரறையிலிருந்து பெட்டியை எடுத்துத் தர வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்கத்தான் அழைத்திருந்தார். அத்தாவைப் போகச் சொல்லிக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. நானே கொண்டுபோகிறேன் என்று அத்தா போனை வைத்தார்.

வந்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். மண்ணு காயலை, அதுக்குள்ள எங்க போறான் என்று யாரோ கேட்டது எனக்கே கேட்டது. அதுவரை சுவரோடு சாய்ந்து கிடந்த அம்மா தலையை நிமிர்த்தினாள்.

“போவட்டும். எங்க அக்கா மவ ரத்தமும் அதுல இருக்குது.”

நான் ஓடிப்போய் அத்தாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். பிரித்து விடுவதற்கு அவருக்கு நேரமில்லை. மொபெட்டில் பின்னால் உட்காரவைத்தார். பண்ணையில் பெட்டியை வாங்கி, புது ஐஸ் பைகள் மாற்றி, எனக்கும் அவருக்கும் நடுவில் வைத்தார். நான் அதைக் கட்டிக்கொண்டேன். சட்டைக்குள் குளிர் இறங்கியது. சில்லென்று இருப்பது எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஜூஜுவாடிக்கு முன்பிருந்தே லாரிகள் அசையாமல் நின்றன. டிரைவர்கள் நிழலில் சமைத்துக்கொண்டிருந்தார்கள். அத்தா சந்து சந்தாக வண்டியை விட்டு, தடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, பெட்டியைத் தோளிலும் என்னைக் கையிலுமாகப் பிடித்துக்கொண்டு நடந்தார். அந்தப் பக்கத்துப் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தி, பெட்டியைத் திறக்கச் சொன்னார். அத்தா கன்னடத்தில் கெஞ்சினார். வெயிலில் திறந்தால் வீணாகிவிடும் என்றார், என் மகனுடைய ரத்தம் என்றார். போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். பிறகு, பையன் இப்போது எப்படி இருக்கிறான் என்று கேட்டார்.

அத்தா சாலையைப் பார்த்தார். அவருடைய கால்சட்டையின் முட்டியில் செம்மண் ஒட்டியிருந்தது.

“ஆஸ்பத்ரெல்லி இதானெ சார்,” என்றார். ஆஸ்பத்திரியில் இருக்கிறான்.

போலீஸ்காரர் தடுப்பை நகர்த்தினார். கூடவே ஒரு ஆளையும் அனுப்பிவைத்தார். ஜீப்பில் இருந்தவர் பெட்டியை வாங்கி, உள்ளே கைவைத்துப் பார்த்து, நன்றாகக் குளிர்ந்திருக்கிறது என்று தலையாட்டினார். மொபெட்டில் திரும்பினோம். நான் அவர் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் தெருவிலும் பேசுகிற மொழியான கன்னடம் எனக்கு நன்றாகவே புரியும். அத்தா பொய் சொல்ல மாட்டார். காதில் சொன்ன பெண் விவரம் தெரியாமல் சொல்லியிருக்கிறார் என்று முடிவுசெய்துகொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை.

சில நாள் கழித்து லேப் அக்கா வீட்டுக்கே வந்தார். புல்லிலும் புதரிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி கடித்து வருகிற காய்ச்சலாம். தெரிந்துவிட்டால் சாதாரண மாத்திரையே போதுமாம். தெரிந்த அன்றே எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். பெரியம்மா மகள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள், மற்ற பிள்ளைகளுக்கும் காய்ச்சல் விட்டுவிட்டது என்று அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

தம்பியைத் தூக்கிக்கொண்டு போன அன்று சத்தமில்லாமல் இருந்த அம்மா, அப்போது வாய்விட்டு அழுதாள். நல்ல செய்திக்கு எதற்கு அழுகிறாள் என்று நான் லேப் அக்காவைப் பார்த்தேன். அவரும் அழுதுகொண்டிருந்தார்.

“தம்பிக்கும் அந்த மாத்திரதான குடுப்பாங்க?” என்று கேட்டேன்.

அத்தா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஆஸ்பத்திரி மூடுவதற்குள் போய்விட வேண்டும் என்று எனக்கு அவசரமாக இருந்தது. அத்தாவின் செருப்பையும் அம்மாவின் செருப்பையும் தேடி எடுத்து, வெளியே பார்த்த மாதிரி வாசலில் ஜோடியாக வைத்தேன். வைத்துவிட்டு வந்து பார்த்தால், உட்கார்ந்திருந்தவர்கள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஏன் ஒருவரும் எழுந்திருக்கவில்லை என்று எனக்குப் புரியவில்லை.