அடுத்த ஈத்து

ராமசுப்புவின் வாயில் ஒரு பேச்சு இருபத்திரண்டு வருஷமாகக் குடியிருந்தது. "போனது போகட்டும். அடுத்த ஈத்துக்குப் பாத்துக்கிடலாம்." ஈத்து என்றால் மாடு கன்று போடுவது. கன்று செத்துப் பிறந்தாலும் அதைத்தான் சொல்வார். பசு செத்து, கன்று மட்டும் பிழைத்துக் கிடந்தாலும் அதையேதான் சொல்வார். கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டுவார்கள். அவரும் கையைக் கழுவிவிட்டு வண்டியை எடுப்பார்.

புதூர் பக்கத்தில் ஒரு கால்நடை மருந்தகத்தில் அவர் உதவியாளர். மாட்டைப் பார்த்துச் சொல்வதில் மனுஷன் கில்லாடி. காது எப்படித் தொங்குகிறது, மூக்கு காய்ந்திருக்கிறதா, அசைபோடுகிறதா என்று ஒரு சுற்று சுற்றி வருவார். "நேத்து சோளக்கதிரக் கூடுதலாத் தின்னுருக்கு, வயிறு உப்பியிருக்கு பாரு" என்பார். டாக்டர் வந்து பார்த்தாலும் அதுதான் இருக்கும். ஆனால் வீட்டில் சொர்ணத்தாய்க்குத் தலைவலி என்பது, காலையில் காப்பி வராதபோதுதான் அவருக்குத் தெரியும்.

"மாட்டுக்கு இருக்குற மரியாத எனக்கில்ல. நானும் ஒருநா அசைபோடாமப் படுத்துக் காட்டணும் போல" என்பாள் சொர்ணத்தாய். அவர் சிரிக்கக்கூட மாட்டார். கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். தினமும் ஒரு சாவு, ஒரு அழுகை என்று பார்த்துப் பார்த்து மரத்துப்போன மனுஷன், அவ்வளவுதான்.

போன வருஷம் தூத்துக்குடியில் ஒருநாள் பயிற்சி என்று அனுப்பினார்கள். அடுத்தவர் உணர்ச்சியைப் புரிந்து வேலை செய்வது எப்படி என்று ஒரு அம்மா படம் போட்டு விளக்கினார். ராமசுப்பு எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். மதியம் பிரியாணி சாப்பிட்டார். நோட்டைப் பீரோ மேல் போட்டார். அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

அவருடைய வேலையில் யாருக்கும் பிடிக்காத ஒரு பகுதி உண்டு. இன்சூரன்ஸ் போட்ட மாட்டின் காதில் நம்பர் போட்ட வில்லை ஒன்று குத்தியிருக்கும். மாடு செத்தால் டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். பிறகு அந்த வில்லையோடு காதை அறுத்து எடுக்க வேண்டும். செத்தது அந்த மாடுதான் என்பதற்கு அதுவே சாட்சி. அதை அறுப்பது ராமசுப்பு. எத்தனை காது என்று அவர் எண்ணியதில்லை.

போன ஐப்பசியில், வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு வந்திருந்த அவர் மகள் முத்துசெல்விக்கு எட்டாம் மாசம் வயிற்றில் அசைவு நின்றது. ஆஸ்பத்திரியில் பிள்ளை செத்துப் பிறந்தது. பெண் பிள்ளை. தாய் பார்த்தால் தாங்கமாட்டாள் என்று பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். ராமசுப்புவும் மாப்பிள்ளை மணிராஜும் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போனார்கள். மழை ஊறிய கரிசல், காலை விட்டால் பிடித்துக்கொள்ளும். மணிராஜ் அழுதுகொண்டே குழி வெட்டினான். ராமசுப்புதான் பிள்ளையைக் கையில் வைத்திருந்தார். அவருக்கு அழுகை வரவில்லை. துக்கம்கூட வரவில்லை. முழங்கைக்குக் கீழே இரண்டு கையும் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்து மகள் கட்டில் பக்கத்தில் நின்றார். என்ன சொல்ல? வாய் தனக்குத் தெரிந்ததைச் சொன்னது.

"விடு பிள்ளே. போனது போகட்டும். அடுத்த ஈத்துக்குப் பாத்துக்கிடலாம்."

சொர்ணத்தாய் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள். முத்துசெல்வி அப்பாவை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மூன்று மாசம் அந்த வீட்டில் மகள் அவரிடம் பேசவில்லை. அம்மாவிடம் பேசுவாள், போனில் மணிராஜிடம் பேசுவாள். அப்பா உள்ளே வந்தால் அவள் எழுந்து கொல்லைக்குப் போவாள். அவருக்குத் தான் சொன்ன தப்பு தெரியாமல் இல்லை. ஆனால் அதை எங்கே பிடித்து எப்படித் திருப்புவது என்றுதான் தெரியவில்லை. தை மாசம் பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து விட்டுவிடும்படி குளத்தூரிலிருந்து சம்பந்தக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். மணிராஜுக்கு உப்பளத்தில் வேலை, வர முடியாது. அப்பாதான் கூட்டிப் போக வேண்டும்.

"இப்பிடியே அவ போயிட்டான்னா, இனி நம்ம செத்ததுக்குத்தான் வருவா" என்றாள் சொர்ணத்தாய். அவருக்கும் அந்தப் பயம்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை நாகலாபுரம் பக்கம் ஒரு ஊரில் மிக்கேலம்மாளின் பசு பாம்பு கடித்துச் செத்தது. ஒற்றை ஆள், ஒற்றை மாடு. டாக்டர் போன பிறகு ராமசுப்பு பாரத்தை நிரப்பினார். நம்பர், நிறம், எத்தனை பல் எல்லாம் எழுதிக் கத்தியை எடுத்தார். மிக்கேலம்மாள் பசுவின் காதைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரிங்கம்மா. போனது போகட்டும், அடுத்த..."

"அடுத்ததுல வேற மாடு வரும் அண்ணாச்சி. இவ வருவாளா?" சத்தம் போடாமல்தான் சொன்னாள். "நம்பரக் கேட்டிய, நெறத்தக் கேட்டிய, பல்ல எண்ணுனிய. இவ பேரு என்னான்னு ஒரு வார்த்த கேட்டியளா?"

ராமசுப்பு கத்தியோடு நின்றார். இத்தனை வருஷத்தில் ஒரு பசுவின் பேரையும் அவர் கேட்டதில்லை. பாரத்தில் அதற்கு இடமில்லை.

"என்ன பேரு?" என்றார்.

"ரோசம்மா."

அதன்பிறகு அவள் பேசிக்கொண்டே இருந்தாள். ரோசம்மா யார் கைக்குப் பால் சுரப்பாள், யாரைக் கண்டால் முட்ட வருவாள், கோயில் மணி அடித்தால் எப்படித் தலையைத் தூக்குவாள் என்று அரைமணி நேரம் சொன்னாள். ராமசுப்பு மண்ணில் உட்கார்ந்து கேட்டார். பேசி முடித்ததும் அவளே கையை எடுத்துக்கொண்டாள். "சரி, அறுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவும் மகளும் ஊர் விலக்கில், பஸ் நிற்கும் இடத்துச் சிமிண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஊறுகாய்ப் பை. பதினொரு மணி வண்டியை விட்டால் இரண்டரைக்குத்தான். எதிரே உளுந்து பிடுங்கிய காடு வெறிச்சென்று கிடந்தது. வெட்கமும் பயமுமாக ராமசுப்பு வாயைத் திறந்தார்.

"பிள்ளைக்கு என்ன பேரு வைக்கணும்னு இருந்த தாயி?"

முத்துசெல்வி திரும்பவில்லை.

"நித்திலா" என்றாள். "அவியளும் நானும் அஞ்சாம் மாசமே பேசி வச்சிட்டோம்."

"நித்திலா" என்று அவரும் ஒருதரம் சொல்லிப் பார்த்தார்.

அவள் இப்போது அவரைப் பார்த்தாள். "அப்பா, நீங்க மூஞ்சியப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவர் பார்த்திருந்தார். குழிக்குள் இறக்குமுன் துணியை விலக்கிப் பார்த்தார். அதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

"பாத்தேன்."

"எப்பிடி இருந்தா?"

"நெத்தி மணிராஜ் நெத்தி. மூக்கு இன்னும் சரியா வரல. காது..." காதைப் பற்றி அவருக்குத் தெரியாததா? "காது ஒன் காதுதான் பிள்ளே. மேல லேசா மடிஞ்சிருக்கும்லா, அதே மாதிரி. ரெண்டும்."

முத்துசெல்வி கையைத் தூக்கித் தன் காதின் மேல்மடிப்பைத் தொட்டாள். தொட்டபடியே அழ ஆரம்பித்தாள். மூன்று மாசமாக அந்த வீடு கேட்காத அழுகை அது. ஊறுகாய்ப் பையைத் தள்ளிவிட்டு அவர் தோளில் சாய்ந்து அழுதாள். யாராவது அழுதால் எழுந்து கை கழுவப் போகிற மனுஷன் அசையாமல் இருந்தார்.

பதினொரு மணி வண்டி வந்து நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"ஏறலையா அண்ணாச்சி? இத விட்டா ரெண்டரைக்குத்தான்."

ராமசுப்பு போகச் சொல்லிக் கையைக் காட்டினார். மகளைத் தேற்ற ஒரு வார்த்தையும் அவருக்கு வரவில்லை, தேடவும் இல்லை. கை இரண்டும் வலிக்கத் தொடங்கியிருந்தன. இரண்டு கிலோகூட இருக்காது அந்தப் பிள்ளை. அந்தக் கனம் அவருக்கு இப்போதுதான் தெரிந்தது.