சிவப்பு நூலில் கட்டிய பேனா

கொட்டாரம் என்று மலையாளத்தில் சொல்லும் பழைய அரண்மனையின் வாசலில் ஒரு மேசை. அதன்மேல் பார்க்க வருகிறவர்கள் பெயர் எழுதும் பெரிய புத்தகம். புத்தகத்தின் முதுகில் சிவப்பு நூலால் கட்டித் தொங்கவிட்ட ஒரு பேனா. கட்டியது எங்கள் பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர். வருகிறவர்கள் பேனாவைக் கொண்டுபோய்விடுகிறார்கள் என்று காவல்காரர் புலம்பியதும், கைப்பையிலிருந்து நூல்கண்டை எடுத்து, பித்தான் தைப்பதுபோல நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். "இனி எடுக்கணும்னா புத்தகத்தையும் சேர்த்துத்தான் தூக்கணும்" என்றார்.

எழுபதுகளின் கடைசி. கல்லாற்றுக்குக் கீழே ஒரு சின்ன ஊரில் நான் தமிழ் வாத்தியார். மலையாளப் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு தமிழ் டிவிஷன். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் பதினொரு பேர். பத்துத் தலைக்குக் குறைந்தால் டிவிஷன் போச்சு, என் வேலையும் போச்சு. பிள்ளைகளில் பாதிப் பேர் கொழுந்து பறிக்கப் போய்விடுவார்கள். கல்வி அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து தலை எண்ணுவார். மழை பெய்தால் பிள்ளைகளோ மலையை விட்டு இறங்க மாட்டார்கள். நான் முன்கோபக்காரன், கத்திப் பார்த்தேன். மழையிலும் வந்துகொண்டிருந்த இரண்டு பேரும் நின்றுபோனதுதான் மிச்சம்.

தையல் டீச்சர் பட்டணத்துச் சாலைக் கடைத்தெருவில் வளர்ந்த திருநெல்வேலிக்காரர். "சத்தம் போட்டா யாரு சாரே வருவா? வந்தா ஒண்ணு காட்டித் தரேன்னு சொல்லுங்க" என்றார். மாதம் முழுக்க ஒழுங்காக வந்தால் கடைசி வெள்ளிக்கிழமை ஓர் இடம் என்று பேச்சு. அப்படித்தான் பட்டணத்து மியூசியத்தையும், விழிஞ்ஞத்தில் பாறையைக் குடைந்த கோயிலையும், பக்கத்தூர்க் கொட்டாரத்தையும் பார்த்தோம். கொட்டாரத்து அடுக்களையில் ஓர் உருளி, அகன்ற வெண்கலப் பாத்திரம். உள்ளே இரண்டு பிள்ளைகள் தாராளமாக உட்காரலாம். உட்கார்ந்தும் விட்டார்கள்! எங்கே புத்தகம் இருந்தாலும் எல்லாரும் பெயரும் வகுப்பும் தேதியும் எழுதியாக வேண்டும், அது டீச்சரின் சட்டம். ஒரு சிறுமியின் எழுத்து மட்டும் வரியை விட்டு மேலே மேலே ஏறிப் போகும். நான் அதட்டினேன். "ஏறட்டும் சாரே, மலைப்பிள்ளையாக்கும்" என்றார் டீச்சர்.

கொட்டாரத்துக்குப் போன அதே வெள்ளிக்கிழமை அதிகாரி பள்ளிக்கு வந்துவிட்டார். அனுமதியை வாயால் தந்த ஹெட்மாஸ்டர் அன்று லீவு. நானோ ஒரு வரி எழுதி வைக்கவில்லை, மடையன். காலி பெஞ்சைப் பார்த்த அதிகாரி, பதினொன்றும் கள்ளப் பெயர்கள் என்று எழுதிவிட்டார். டீச்சர்தான் அவர் ஆபீசுக்கே போய் நின்றார். அன்றைக்குப் பிள்ளைகள் எழுதிய புத்தகம் இருக்கிறது என்றார். "அது நீங்களே எழுதியதாக இருக்கலாமே?" என்றாராம் அதிகாரி. "அப்படின்னா திங்கட்கிழமை வாங்க சார், உங்க முன்னாடி எழுதட்டும்."

திங்கட்கிழமை அடைமழை. புத்தகத்தை வெளியே தர முடியாது என்ற காவல்காரர், அதைத் தானே குடைக்குள் அணைத்துக்கொண்டு வந்தார். அதிகாரியும் வந்தார். பிள்ளைகள் ஒருத்தரும் இல்லை. பத்தரைக்கு மலை பஸ் வந்தது. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு தொப்பலாக இறங்கினார்கள். எண்ணினேன், பதினொன்று. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் அழுதேன். ஒவ்வொருவராக அந்தச் சிவப்பு நூல் பேனாவால் எழுதினார்கள். அதிகாரிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பழைய கையெழுத்தையும் புதியதையும் விரலால் தடவித் தடவி ஒத்துப் பார்த்தார். கடைசியாக அந்தச் சிறுமி. எழுத்து வழக்கம்போல மேலே ஏறியது. அதைப் பார்த்ததும் அவர் முகம் இளகியது. "சரி, பதினொண்ணு" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு, எழுதியதை அடித்துத் திருத்தினார்.

போன மாதம் அந்தக் கொட்டாரத்துக்குப் போயிருந்தேன். புத்தகம் புதிது, பேனாவும் புதிது. நூல் மட்டும் சிவப்பாகவே இருந்தது. யார் மாற்றிக் கட்டினார்களோ. பெயர் எழுதக் குனிந்தேன். எனக்கு மேலே இருந்த வரி தமிழில் இருந்தது, சாய்ந்து மேலே ஏறிக்கொண்டு. அந்தப் பெயரேதான். 'ஆசிரியை, தமிழ்ப் பிரிவு' என்று பக்கத்தில் போட்டிருந்தது. அதற்கு மேலே வரிசையாகப் பிள்ளைகளின் பெயர்கள்.

வாசலிலேயே நின்று டீச்சருக்குப் போன் போட்டேன். வயதாகிவிட்டது, காது கொஞ்சம் மந்தம். இரண்டு தடவை சொன்ன பிறகுதான் விஷயம் பிடிபட்டது. உடனே கேட்டார்: "தலை எத்தனை சாரே?"

"பதினாறு டீச்சர். நல்லா எண்ணிட்டேன்."